சங்கு ஊதினால் யார் வீட்டுக்குப் போவது? திருக்காட்டுப்பள்ளியில் இருந்து ஓர் அணுகுண்டுக் கணக்கு

2025 மே 7, புதன்கிழமை. 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற பெயரோடு நாடே கண் விழித்த நாள். அன்று மாலை 4 மணிக்கு கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்கால ஒத்திகை நடந்தது. 'ஆபரேஷன் அப்யாஸ்' என்று மத்திய உள்துறை பெயர் வைத்திருந்தது. நாடு முழுக்க 244 மாவட்டங்களைக் குறிவைத்த ஒத்திகை அது. சைரன் ஊதுவது, விளக்கை அணைப்பது, மக்களை வெளியேற்றுவது, பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி தருவது எல்லாம் பட்டியலில் இருந்தன. 1971 போருக்குப் பிறகு இவ்வளவு பெரிய ஒத்திகை நடந்ததில்லை.

தஞ்சாவூர் மாவட்டம் திருக்காட்டுப்பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. குடமுருட்டிக் கரையில் உள்ள பேரூராட்சி. சுற்றிலும் நெல்லும் வாழையும். மேற்கே சுமார் 15 கி.மீ. போனால் கல்லணை. அக்னி பகவான் வந்து வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் அக்னீஸ்வரர் கோயில் இங்கே இருக்கிறது. கல்பாக்கம் இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 230 கி.மீ.; கூடங்குளம் சுமார் 330 கி.மீ. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணுமின் நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. 1992-ல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் அணு நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் கைமாற்றிக்கொள்கின்றன. எல்லையில் சண்டை மூண்ட ஆண்டுகளிலும் இது நின்றதில்லை.

அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாமா? வரைபடத்தைக் கொஞ்சம் தென்கிழக்கே நகர்த்திப் பாருங்கள்.

20 கி.மீ. தள்ளி ஒரு விமானத்தளம்

தஞ்சாவூர் விமானப்படைத் தளம் திருக்காட்டுப்பள்ளியில் இருந்து நேர்க்கோட்டில் சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 1940-ல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட ஓடுதளம் அது. புதுப்பிக்கப்பட்டு 2013 மே மாதம் விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டது. 2020 ஜனவரி 20-ல் சுகோய்-30 விமானங்கள் கொண்ட 222-வது படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கும் விமானங்கள் அவை.

விமானத்தளம் என்றால் எந்தப் போரிலும் எதிராளியின் வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கும். அங்கே அணுகுண்டு விழும் என்று யாரும் சொல்லவில்லை. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியாவின் அறிவிக்கப்பட்ட கொள்கை. பாகிஸ்தான் அப்படி ஒரு வாக்குறுதி தந்ததில்லை. ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் 2025 கணக்குப்படி இந்தியாவிடம் சுமார் 180 அணுகுண்டுகள், பாகிஸ்தானிடம் சுமார் 170. உலகம் முழுக்க 12,241. இவற்றில் ஒன்று கூட வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஆனால் 'சிவில் டிஃபென்ஸ்' என்கிற குடிமக்கள் பாதுகாப்பு, அந்த ஆசை பலிக்காத நாளுக்கானது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். குண்டு விழும் இடத்தில் இருப்பவர்களுக்கு எந்த ஒத்திகையும் பெரிதாக உதவாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் காலை 7 மணி சுமாருக்கு எச்சரிக்கை ஒலித்தது, 7.31-க்கு 'ஆபத்து நீங்கியது' என்று சங்கு ஊதியது. மக்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். 8.15-க்குக் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து வெறும் 170 மீட்டர் தூரத்தில் ஒருவர் பிழைத்தார். எய்சோ நோமுரா என்ற அலுவலர் அவர். ஏதோ ஒரு காகிதம் எடுக்க கான்கிரீட் கட்டடத்தின் நிலவறைக்குள் இறங்கியிருந்தார். அவர் 1982 வரை வாழ்ந்தார்.

ஹிரோஷிமாவில் கட்டடங்கள் அடியோடு நாசமானது சுமார் 2 கி.மீ. சுற்றளவுக்கு. இன்றைய குண்டுகள் அதைவிடப் பெரியவையாகவும் இருக்கலாம். ஆனாலும் 20 கி.மீ. என்பது வேறு கணக்கு. அந்தத் தூரத்தில் உயிர் போவதும் பிழைப்பதும் முதல் ஒரு நிமிடத்தையும், பிறகு வரும் இரண்டு நாட்களையும் பொறுத்தது.

வெளிச்சம் தெரிந்தால் சன்னலுக்குப் போகாதீர்கள்

இடி மின்னல் எல்லோருக்கும் தெரியும். மின்னல் முதலில், இடி பிறகு. அணுகுண்டும் அப்படித்தான். கண் கூசும் வெளிச்சம் உடனே தெரியும். காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் அதிர்ச்சி அலை 20 கி.மீ. கடக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மனிதர்கள் இயல்பாகச் செய்வது ஒன்றுதான்: 'என்ன அது?' என்று சன்னலுக்கு ஓடுவது.

2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஒரு விண்கல் வெடித்தது. வானத்தில் வெளிச்சம் பார்த்தவர்கள் சன்னலருகே போய் நின்றார்கள். சற்று நேரம் கழித்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். கதிர்வீச்சே இல்லாத ஒரு சம்பவத்தில் இந்த நிலை.

ஆகவே வெளிச்சம் தெரிந்தால் பார்க்கக் கூடாது. கண்ணாடிக்கு விலகி, தரையில் குப்புறப் படுத்து, முகத்தையும் கழுத்தையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அமெரிக்காவில் 1950-களில் பெர்ட் என்ற கார்ட்டூன் ஆமையை வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் அந்தப் படத்தைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. மேசைக்கு அடியில் ஒளிந்தால் அணுகுண்டில் இருந்து தப்பிவிடலாமா என்று கேட்டார்கள். குண்டு விழும் இடத்தில் கேலி சரி. 20 கி.மீ. தள்ளி ஆமை சொன்னது சரி.

அடுத்தது தூசி

குண்டு தரையில் வெடித்தால் மண்ணையும் சிதைந்த கட்டடத்தையும் மேலே இழுத்துப் போகும். அது கதிரியக்கத் தூசியாகத் திரும்ப இறங்கும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ஆடிக்காற்று மேற்கே இருந்து அடிக்கும் மாதங்களில் தஞ்சாவூருக்குக் கிழக்கே திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போகலாம். ஐப்பசி வாடைக்காற்றில் புதுக்கோட்டைப் பக்கம் போகலாம். அப்படிப் பார்த்தால் வடமேற்கே இருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கு இரண்டு பருவத்திலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஆனால் தூசியைச் சுமப்பது பல கி.மீ. உயரத்தில் வீசும் மேல்காற்று. தெருவில் அடிக்கும் காற்றை வைத்து அதைக் கணிக்க முடியாது. எனவே தூசி வரும் என்று எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இந்தத் தூசியின் வீரியம் வேகமாகக் குறையும். நேரம் 7 மடங்கானால் கதிர்வீச்சு 10-ல் ஒரு பங்காகும். குண்டு வெடித்த ஒரு மணி நேரத்தில் 1,000 என்று இருந்தால், 7 மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. அதனால்தான் உலகெங்கும் ஒரே அறிவுரை: உள்ளே போ, உள்ளேயே இரு, செய்தி கேள். முதல் 24 மணி நேரம் உயிர் போகிற அவசரம் இல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. பள்ளியில் இருக்கும் பிள்ளையை அழைத்துவர பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் மிகப்பெரிய தவறு. பிள்ளை பள்ளிக் கட்டடத்துக்குள் இருப்பதே அப்போது பத்திரம். எந்தப் பெற்றோருக்கும் இது வயிற்றைக் கலக்கும் அறிவுரைதான். பள்ளிகள் இதை முன்பே பெற்றோரிடம் பேசி வைக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

வெளியில் இருந்து வருபவர் மேலாடையை வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டி ஒதுக்கினால், உடம்பில் ஒட்டிய தூசியில் 90 சதவிகிதம் வரை போய்விடும். பிறகு சோப்பு, தண்ணீர். தலைக்கு ஷாம்பு போடலாம். கண்டிஷனர் போடக் கூடாது. அது தூசியை முடியோடு ஒட்ட வைக்கும். குடமுருட்டியில் ஒரு முழுக்கு போட்டுவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். திறந்த ஆறும் குளமும் தூசி விழுந்த இடங்கள். மூடிய தொட்டித் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும்தான் நம்பகமானவை.

'உள்ளே' என்றால் எங்கே?

சுவிட்சர்லாந்தில் குடிமக்கள் எல்லோருக்கும் நிலவறைப் பாதுகாப்பிடம் வேண்டும் என்று 1960-களிலேயே சட்டம் போட்டார்கள். டெல்டாவில் நிலவறை என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டல் மண்ணில் கொஞ்சம் ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். இங்கே கிடைக்கக்கூடிய சிறந்த இடம், கான்கிரீட் மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத நடு அறை. தலைக்கு மேலே இரண்டு தளம், நான்கு பக்கமும் சுவர். தூசி தங்குவது கூரையிலும் தெருவிலும் என்பதால் இரண்டில் இருந்தும் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாடி வீடு இருப்பவர்களுக்குப் பிரச்னை இல்லை. ஓட்டு வீடும் கூரை வீடும் வைத்திருப்பவர்கள்? கீற்றுக் கூரை கதிர்வீச்சைக் கிட்டத்தட்ட அப்படியே உள்ளே விடும். ஓட்டுக்கூரை அதைவிடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. டெல்டாவின் எந்த ஊரிலும் மெயின் ரோட்டில் மாடி வீடுகள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓடும் கீற்றும் என்றுதான் தெருக்கள் பிரிந்து கிடக்கின்றன. அந்தப் பிரிவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சங்கு ஊதிய பத்து நிமிடத்தில் கூரை வீட்டுக் குடும்பம் எந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டும், அந்தக் கதவு திறக்குமா என்பதுதான் திருக்காட்டுப்பள்ளியின் அணு ஆயுதப் பாதுகாப்புக் கேள்வி. மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் குடும்பங்கள் பள்ளிகளிலும் கல்யாண மண்டபங்களிலும்தான் தங்கின. பள்ளிக்கூடம் எல்லோருக்கும் பொது. யார் வீடு என்ற கேள்வி அங்கே எழாது. ஆனால் புயல் இரண்டு நாள் முன்பே சொல்லிக்கொண்டு வரும். ஏவுகணை அப்படி வராது. எந்தப் பள்ளியில் எத்தனை பேர், சாவி யாரிடம், குடிதண்ணீர் எங்கே என்பதெல்லாம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் அது பாதுகாப்பிடம். இல்லாவிட்டால் பூட்டிய கட்டடம்.

பாலும் வைக்கோலும்

இரண்டு நாள் கழித்துக் கதவைத் திறந்தபின் டெல்டாவுக்கே உரிய சிக்கல் தொடங்கும்.

1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. அதை மாடு தின்றது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். பின்னாளில் ஏராளமான குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும் பொருள். சில வாரங்கள் அந்தப் பாலைத் தவிர்த்திருந்தால் அந்தக் குழந்தைகளில் பலரைக் காப்பாற்றியிருக்க முடியும்.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா. இங்கே மாட்டிக்கொண்டது வைக்கோல். வயலில் திறந்து கிடந்த வைக்கோலில் தூசி விழுந்திருந்தது. அதைத் தின்ற மாடுகளின் இறைச்சியில் ஜூலை மாதம் கதிரியக்க சீசியம் கண்டுபிடிக்கப்பட்டு, நாடே கலங்கியது. கொட்டகைக்குள் மூடி வைத்த தீவனம் தின்ற மாடுகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வித்தியாசம் ஒரு படுதா. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லை மழைக்கு மூடப் படுதா தேடி அலையும் ஊரில் இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் வைக்கோல் போருக்கு ஒரு நல்ல படுதா, மழைக்கும் ஆகும், இதற்கும் ஆகும்.

நெல்? ஃபுகுஷிமா விவசாயிகள் கண்ட வழி நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று: பொட்டாஷ். சீசியமும் பொட்டாசியமும் வேதியியலில் பங்காளிகள். மண்ணில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் பயிர் சீசியத்தைக் குறைவாகவே உறிஞ்சும். பொட்டாஷ் உரத்தைக் கூடுதலாகப் போட்டு, 2012 முதல் அந்த மாகாணத்தின் ஒவ்வொரு அரிசி மூட்டையையும் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 1 கோடி மூட்டை. சில ஆண்டுகளிலேயே வரம்பைத் தாண்டிய மூட்டை ஒன்றுகூட இல்லை என்ற நிலை வந்தது. அப்படியும் 'ஃபுகுஷிமா அரிசி' என்றாலே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். தஞ்சாவூர் அரிசிக்கு அந்தப் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரையும் வாட்ஸ்அப்பும்

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை 'கதிர்வீச்சு மாத்திரை' என்று அழைக்கப்படுகிறது. தவறான பெயர். அது தைராய்டு சுரப்பியைக் கதிரியக்க அயோடினில் இருந்து மட்டும் காக்கும். வேறு எதிலிருந்தும் காக்காது. அரசு சொல்லும் நேரத்தில், சொல்லும் அளவில் சாப்பிட வேண்டியது. 2011-ல் சீனாவில் அயோடின் கலந்த உப்பு காக்கும் என்று வதந்தி பரவிக் கடைகளில் உப்பே தீர்ந்துபோனது. உப்பு காக்காது. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைக் குடிப்பது விஷம்.

வதந்தி விஷயத்தில் நாம் சளைத்தவர்கள் இல்லை. 2025 மே மாதம் அந்த நான்கு நாள் மோதலின்போது 'ஏ.டி.எம். இரண்டு மூன்று நாள் மூடப்படும்' என்று ஒரு செய்தி குடும்ப குரூப்களில் சுற்றியது. பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவிக்க வேண்டியிருந்தது. அரசே தவறு செய்வதும் உண்டு. 2018 ஜனவரி 13-ல் அமெரிக்காவின் ஹவாய் தீவில் 'ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை அல்ல' என்று எல்லா போனுக்கும் செய்தி போனது. தவறு என்று திருத்தச் செய்தி வர 38 நிமிடம் ஆனது. அதற்குள் பிள்ளைகளைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கியவர்கள் இருந்தார்கள்.

2023-ல் உங்கள் போன் திடீரென்று அலறி ஒரு சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைக்கான ஏற்பாடு அது. எரிச்சலில் அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தவர்கள் செட்டிங்கில் போய்த் திரும்ப இயக்கிவிடுங்கள். டவர் விழுந்தால் அதுவும் வராது. பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி இந்த விஷயத்தில் எந்த ஆப்பையும்விட மூத்தது. சைரன் ஏறி இறங்கி அலறினால் ஆபத்து; ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கியது. நகராட்சிச் சங்கு கேட்டு நேரம் பார்த்த தாத்தா பாட்டிக்கு இந்த வித்தியாசத்தைப் பழக்குவது எளிது.

ஊருக்கு வரப்போகிறவர்கள்

பேசப்படாத இன்னொரு பக்கம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான் கொழும்பைக் குண்டு வீசித் தாக்கியது. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை பீதியில் காலியானது. கிடைத்த ரயிலில் ஏறி லட்சக்கணக்கானவர்கள் சொந்த ஊர்களுக்கு ஓடினார்கள். சென்னை மீது குண்டு விழுந்ததோ 1943 அக்டோபரில், ஒரே ஒரு விமானத்தில் இருந்து.

அன்றைய சென்னையைவிட இன்றைய சென்னை பல மடங்கு பெரியது. பெருநகரம் ஒன்று தாக்கப்பட்டால், அல்லது தாக்கப்படும் என்ற பயம் வந்தாலே, சோறும் தண்ணீரும் உள்ள டெல்டாவை நோக்கித்தான் கார்களும் பேருந்துகளும் திரும்பும். திருக்காட்டுப்பள்ளி அடி வாங்கும் ஊராக இருப்பதைவிட அடைக்கலம் தரும் ஊராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது 'யார் வீட்டுக்கு?' என்ற கேள்வி இரட்டிப்பாகும்.

குடிமக்கள் பாதுகாப்புச் சட்டம் 1968-ல் வந்தது. போருக்கென்று எழுதப்பட்ட அதில் பேரிடர்களையும் பிற்பாடு சேர்த்தார்கள். 2025 மே மாதம் 'மை பாரத்' தளம் வழியாக இளைஞர்களைத் தன்னார்வலர்களாகப் பதிவு செய்ய மத்திய அரசு அழைத்தது. அணுக்கதிர் ஆபத்தைச் சமாளிக்கப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளிக்குச் சாலை வழியாக 300 கி.மீ.க்குக் குறையாது. அவர்கள் வந்து சேரும் நேரத்தில் மேலே சொன்ன முதல் 7 மணி நேரம் முடிந்திருக்கும்.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வருவாய்த் துறை எந்த வாய்க்கால் உடையும், எந்தத் தெரு மூழ்கும், யாரை எந்தப் பள்ளிக்கு மாற்றுவது என்று பட்டியல் போடுகிறது. அதே பட்டியலில் ஒவ்வொரு தெருவுக்கும் எந்த கான்கிரீட் கட்டடம், சாவி யார் பொறுப்பு என்று இரண்டு வரி சேர்க்க முடியும். தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. மழைக்கான அந்தப் பட்டியல் ஐப்பசிக்கு முன்பே தயாராகிவிடும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்க்கலாம். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.